காலி பண்ணச் சொல்லும் காட்சி

மூன்று நாடகக் குழுக்கள் ஒரே கூடத்தில் குடித்தனம் நடத்துவதென்றால் சும்மாவா? பழைய பர்னிச்சர் கிடங்கு அது. ஒரு மூலையில் பொம்மலாட்டக்காரர், தலை ஒட்டாத பொம்மைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார். எதிர் மூலையில் மைம் கலைஞர். மேடையில் வாயே திறக்காத மனிதர், மேடையை விட்டு இறங்கினால் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்ப்பார். நடுவில் தன் நடிகர்களோடு சேர்த்து இந்த இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பவள் டைரக்டர். விளக்கு, ஸ்பீக்கர், டீ கெட்டில் எல்லாம் பொது, சண்டையும் பொது. தனித்தனியாக இடம் தேடி நாய் படாத பாடு பட்டவர்கள். இந்தக் கூடமும் போனால் மூன்று குழுவும் நடுத்தெருவில்தான்.

கூடத்தில் ஒரே ஒரு சட்டம். யார் எதைச் செய்து காட்டினாலும், அங்கே இருப்பவர்கள் பார்த்துவிட்டுக் குறை சொல்லியே ஆக வேண்டும். பல்லைக் காட்டி 'நல்லா இருந்துச்சு' என்று நழுவ முடியாது. குறை இல்லாவிட்டால் மட்டும் 'வந்துடுச்சு' என்று சொல்லலாம். அந்த வார்த்தையைக் கேட்க மாதக்கணக்கில் ஏங்கியவர்கள் உண்டு.

ஒரு மாலை, ஒத்திகை நடுவே இடத்துக்காரர் வந்து நின்றார். பரம சாது.

"அது வந்து... என் மச்சான் டயர் வைக்க இந்த எடத்தக் கேக்கிறாரு. வீட்லயும் அண்ணன் பக்கம்தான் பேசுறா. அதனால நீங்க... முடிஞ்சா... காலி..." என்று கதவிடம் சொன்னார்.

மைம் கலைஞரின் பழக்கதோஷம்தான் முதலில் வாய் திறந்தது.

"சார், கடைசி வரி காதுலயே விழல."

"சட்டை பட்டனைத் திருகாதீங்க. கண்ணு அங்கயே போகுது," என்றார் பொம்மலாட்டக்காரர்.

இடத்துக்காரரின் முகம் சுருங்கியது. "அப்படியா? இன்னொரு தடவ சொல்லட்டுங்களா?"

டைரக்டரின் குறும்பு மூளை விழித்துக்கொண்டது.

"சொல்லுங்க சார். வெளிய போயிட்டு உள்ள வாங்க."

இரண்டாம் முறை இன்னும் மோசம்.

"இன்னும் வரல சார். இதக் கேட்டு நாங்க எப்படிக் காலி பண்றது? நாளைக்கு வாங்க," என்றாள் டைரக்டர்.

வந்தார். மறுநாளும் வந்தார். டைரக்டர் ஒரு நாள் நடையில் குறை கண்டாள், ஒரு நாள் மூச்சில். மச்சான் கேட்டால், "தெனமும் போய்ச் சொல்லிட்டுதான் வரேன்" என்பாராம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தன் முறை முடிந்ததும் மற்றவர்களின் ஒத்திகையைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். "அந்த ராஜா பொம்மை ஏன் பஸ்ஸுக்கு நேரமான மாதிரி அவசரமாச் சாகுது?" என்று ஒரு நாள் கேட்டார். அன்றிலிருந்து ராஜா நிதானமாகச் செத்தார்.

அப்புறம் வந்தது அந்த மாலை. உள்ளே வந்தவர் கதவைச் சாத்தினார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பட்டன் பக்கம் கை போகவில்லை.

"நீங்க காலி பண்ணணும். எனக்கு வேற வழி தெரியல."

அவ்வளவுதான். பொம்மலாட்டக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைம் கலைஞருக்கு மேடைக்கு வெளியே முதன்முறையாகப் பேச்சு வரவில்லை.

எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள். 'இன்னும் வரல' என்றால் இன்னொரு நாள் கிடைக்கும். சுமாரானதை மோசம் என்று சொல்வது வேறு. இத்தனை உண்மையாக வந்ததை எப்படிச் சொல்வது? சொன்னால், நாளை இந்தக் கூடத்தில் யார் வாயிலிருந்து வரும் குறையை யார் நம்புவார்கள்? தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"வந்துடுச்சு சார்," என்றாள்.

"நெசமாவா?" அவர் முகம் பூவாக மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்ப இதே மாதிரி மச்சானையும் நேராப் பாத்து, எடம் கெடையாதுன்னு சொல்லிடலாம். வீட்ல என் பேச்ச யாரு இவ்வளவு கவனமாக் கேட்டாங்க? அத விட்டுட்டு டயரோடவா பேசுறது?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"சட்டப்படி நானும் ஒரு குறை சொல்லணும்ல? இத்தன நாளா 'இன்னும் வரல, இன்னும் வரல'ன்னு நடிச்சீங்களே டைரக்டரம்மா... மொத நாளே கண்டுபிடிச்சுட்டேன். ரொம்ப சுமார். நாளைக்குத் திரும்பச் செஞ்சு காட்டுங்க."