ராணி எறும்புக்குக் கருப்பட்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதை வளர்ப்பது என்று ஒரு வரைமுறையே கிடையாது. ஆட்டை வளர்த்தால் கறி, கோழியை வளர்த்தால் முட்டை. சிம்மக்கல் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகன் வீரணனோ எறும்பு வளர்த்தான். மகள் வீட்டுக்கு வந்திருந்த பேயாண்டிக்கு அது சகிக்கவில்லை.

மழைக்குப் பறந்துவந்து இறகு உதிர்த்த ராணி எறும்பைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, பஞ்சால் அடைத்து, இருட்டில் வைத்திருந்தான். மூன்று வருஷமாக அவன் பிடித்துவைத்த ராணிகளில் இதுதான் முதன்முதலாக முட்டையிட்டது.

"குட்டி எறும்பு வர்ற வரைக்கும் இரை போடக்கூடாது, தொறக்கவும் கூடாது மாமா."

பெற்றவளைப் பட்டினி போடுவதா? எறும்பு தின்னட்டும் என்றே வாசலில் அரிசிமாவில் கோலம் போடுகிற வீடு இது. வீரணன் வேலைக்குப் போனதும் பேயாண்டி பஞ்சை உருவி, கருப்பட்டித் தூளைத் தட்டிப் போட்டார்.

சாயங்காலம் வீரணன் வந்து பார்த்தால் ஒரு முட்டைகூட இல்லை.

"குழாய ஆட்டுனீகளா மாமா? மிரண்டுபோயி அம்புட்டு முட்டையவும் தின்னுருச்சு."

"பசி மாப்ள. நான் நேத்தே போட்டிருக்கணும்."

"கருப்பட்டியத் தொடவே இல்லையே, பாருங்க."

குனிந்து பார்த்தார். போட்டது போட்டபடி கிடந்தது.

"வயிறு நெறஞ்சப்புறம் எவ தொடுவா?" என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திருவாதவூர் பஸ்ஸுக்கு நடந்தார்.