வளர்ந்த வீட்டை வாங்காதீர்கள்

1

ஒரு வார இதழ் கேட்டது: முதன்முறையாக வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்குப் பத்து ஆலோசனைகள். ஒப்புக்கொண்டேன். முதல் ஆலோசனையை எழுதினேன்: நீங்கள் வளர்ந்த வீட்டை வாங்காதீர்கள். அந்த வரிக்குள் அக்கா வந்து நின்றுவிட்டாள். கட்டுரை அங்கேயே கதையாகிவிட்டது.

2

சில தொடக்கங்கள்:

மழை நாளில் போய் வீட்டைப் பாருங்கள், சுவர் அன்றைக்குத்தான்…

(நல்ல ஆலோசனை. அக்கா போனது வெயில் நாளில்.)

விற்பவரைக் கேட்காதீர்கள், குடியிருப்பவரைக்…

(வீடு காலியாகக் கிடந்தது.)

அக்காவுக்கு அடுத்த ஆண்டு ஓய்வு.

இதை வைத்துக்கொள்கிறேன். அக்கா தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஓய்வூதியம் கிடையாது. சேமிப்பில் ஒரு வீடு வாங்கலாம், ஒன்றுதான். அதன் வாடகையில்தான் இனி அவள் சாப்பிட வேண்டும். தரகர் காட்டியது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடி வீடு. குடிவர ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அக்காவே தேடிக் கண்டுபிடித்தது இன்னொன்று. சிறுவயதில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு. அதன் இப்போதைய சொந்தக்காரருக்கு எங்களைத் தெரியாது.

3

தரகர் எந்த நாளும் கையில் குடையோடு வருவார். குடைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். பழைய வீட்டைப் பார்க்கப் போன அன்று எங்களைத் தெருமுனையில் நிறுத்திப் பாடம் நடத்தினார்.

“உள்ள போனதும் மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கங்கம்மா. குழாயத் திறந்து பாத்து உச்சுக் கொட்டுங்க. இங்க இருந்தோம்னு மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. வெல எகிறிடும்.”

“எனக்கேவா சொல்றீங்க? படம் எடுத்து முடிச்சதும் அத்தன பேரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. ஒருத்தராவது எதையாச்சும் கண்டுபிடிச்சிருக்காங்களா?”

“தம்பி எப்படி?”

“அவன் வாயத் திறக்க மாட்டான். எழுதத்தான் செய்வான்.”

கூடத்தில் உச்சுக் கொட்டினாள். சமையலறையில் “இவ்வளவுதானா?” என்றாள். பின்னறை இருட்டாக இருந்தது. சொந்தக்காரர் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டாள்.

“முன்னாடி வந்திருக்கீங்களா?” என்றார் அவர்.

“எல்லா வீட்லயும் அங்கதான இருக்கும்” என்றாள்.

குடைக்காரர் கூரையைப் பார்த்தார். வெளியே வந்ததும் சொன்னார்: “மூஞ்சி பிரமாதம்மா. கைக்குச் சொல்ல மறந்துட்டேன்.”

மறுநாள் விலை ஏறியது. இப்போதும் வாங்கலாம். வாங்கினால் மராமத்துக்குக் கையில் எதுவும் மிஞ்சாது.

4

[இந்தப் பகுதியை இரண்டு முறை எழுதி அடித்தேன்.]

பின்னறையில் நானும் அக்காவும் படுப்போம். ஜன்னலுக்கு அப்பால் அடுத்த வீட்டு ரேடியோ. செய்தி முடிந்து பாட்டு தொடங்கினால் என்னைத் தட்டி எழுப்புவாள். கூடத்து வெயில் அலமாரியின் இரண்டாவது தட்டைத் தொட்டால் அப்பா வரும் நேரம். கடிகாரம் வாங்கிய பிறகும் நாங்கள் அந்தத் தட்டைத்தான் பார்த்தோம்.

வாசகருக்கு இதனால் பயன் இல்லை. வடக்குச் சுவரில் ஈரம் ஏறுவதைப் பற்றி எழுத வேண்டிய இடம் இது. ஈரம் ஏறுகிறது. எழுதிவிட்டேன்.

5

முடிவுகள்:

அ. அடுக்குமாடியை வாங்குகிறாள். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடுகிறது. பழைய தெரு வழியாகப் போகும் பேருந்தில் மட்டும் அவள் ஏறுவதில்லை.

ஆ. பழைய வீட்டை வாங்குகிறாள். “தண்ணித் தொட்டி நிரம்பிடுச்சான்னு பாக்க வந்தேன்” என்று வாரம் தவறாமல் போய் நிற்கிறாள். குடித்தனங்கள் நிலைப்பதில்லை.

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன்.

“ஏன்டா, ரெண்டுலயும் என்னப் பைத்தியமாத்தான் எழுதியிருக்க.”

6

குடைக்காரருக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்கா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆலோசனை என்று என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரு கேள்விதான். அதைக் கேட்டேன்.

“குடி வர்றவங்க சுவத்துல ஆணி அடிப்பாங்கக்கா. நீ பாத்துட்டு இருப்பியா?”

“அடிக்கட்டுமே. அப்ப வீட்டுக்காரங்க நம்மள ஒரு ஆணி அடிக்க விட்டாங்களா? புதுக் காலண்டரக் கையில வச்சுக்கிட்டு அப்பா வீடு பூரா சுத்துனாரே. கடைசில அத நாற்காலில உக்கார வச்சாரு, விருந்தாளி மாதிரி.”

சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

“அடிக்க விடுவேனாடா நான்?”

நானும் அங்கே வளர்ந்தவன். என் பதில் செல்லாது. நீங்கள் அந்த வீட்டில் இருந்ததில்லை. நீங்கள் சொல்லுங்கள்.