சுவரில் சிரித்தவள்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். என் தலைதான், அதில் இனி உதிர ஒன்றுமில்லை. சம்பவம் நடந்த அறையிலேயே நான் இருந்தேன். வேலைவெட்டி இல்லாத காலம். நேரத்துக்குச் சாப்பாடு, மற்ற நேரம் படுக்கை. யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை, நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

வீட்டுக்காரர் போட்டோ பிடிப்பவர். கீழே ஸ்டூடியோ, மாடியில் குடித்தனம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு "கொஞ்சம் சிரிங்க" என்றாரானால், பல்செட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். ஒருமுறை, இறந்துபோன ஒருவரைக் கடைசியாகப் படம் எடுக்கப் போன இடத்தில் வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். அடக்கத்தை ஒரு நாள் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

அப்படியும் சிரிக்காதவர்களுக்கு அவர் மனைவி இருந்தாள். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வது அவள் வேலை. ஊசிபோலச் சீவிய பென்சிலை எடுத்ததும் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். நாக்கை நீட்டாமல் அவளால் ஒரு கோடு இழுக்க முடியாது. முகப்பரு, கருவளையம், காலையில் நடந்த புருஷன் பெண்டாட்டி சண்டை, எல்லாவற்றையும் அழித்துவிடுவாள்.

குழந்தை பிறந்த பிறகு அவள் பென்சிலைத் தொடவில்லை. பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள். முகம் மட்டும் கழுவி வைத்த பலகைபோல இருக்கும். குழந்தை அந்த முகத்தைப் பார்க்கும், காத்திருக்கும், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

"பாத்தீங்களா? என்னை அதுக்குப் பிடிக்கல" என்றாள் கணவரிடம்.

"பச்சக் குழந்தைக்கு என்னம்மா தெரியும்?"

"உங்களுக்குத்தான் தெரியல. அதுக்கு எல்லாம் தெரியும்."

தடுப்பூசி போட வந்த நர்சம்மா அவளைக் கவனித்துவிட்டு, அவரை மாடிப்படியில் நிறுத்தினார். "பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற நோவுங்க இது. திமிரும் இல்ல, நடிப்பும் இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. குழந்தைக்கு அம்மா முகம் வேணும்."

அவர் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். நேராக ஸ்டூடியோவுக்குப் போய், மனைவியின் பழைய நெகட்டிவ் ஒன்றை எடுத்து ஜன்னலளவு பெரிதாகப் படம் போட்டார். அதில் சிரிப்பு போதவில்லை. தூரிகையால் தானே ஒரு சிரிப்பை வரைந்து, தொட்டிலுக்கு எதிரே மாட்டினார்.

குழந்தை சிரித்தது. கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. அவர் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்தூரிலிருந்து அவருடைய அக்காவும் வந்து பார்த்தார்.

"அடேங்கப்பா! சுவர்ல இருக்கிற அம்மா மேல இருக்கிற பாசம், தரையில இருக்கிற அம்மா மேல இல்லையே!" என்றார் அக்கா, விளையாட்டாக.

அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப நீங்களே கொண்டு போங்க அண்ணி. படத்தையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க. அதுக்கு அது போதும்."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையில்லாதவர். இப்படி ஒரு வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று வெகுகாலம் ஏங்கியவர். தம்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அவள் அசையவில்லை. மறுநாள் காலையில் கிளம்புவதென்று முடிவாயிற்று.

இதற்கிடையில் படத்தில் ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. குழந்தை விடாமல் பார்த்துப் பார்த்து அந்தச் சிரிப்பு தேய்ந்து, இளகி, ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயின் ஒரு முனை காதைத் தொட்டுவிட்டது.

காலையில் அக்கா வண்டி பிடிக்கப் போனார். குழந்தையின் துணிமணியெல்லாம் பையில் கட்டியாகிவிட்டது. படத்தைக் கட்டுவதற்காக அவள் அதைக் கழற்றினாள். அதுவரை அதைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

"என்ன கண்றாவி இது! பல்லிக்கு மீசை வெச்ச மாதிரி!"

வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். "கொடுத்தனுப்புறதுன்னு ஆச்சு, இப்படியா அனுப்புவாங்க?" என்று முனகிக்கொண்டே தூரிகையைத் தேடி எடுத்தாள். படத்தைத் தொட்டிலில் சாய்த்து வைத்துக் கோணல் வாயைத் திருத்தக் குனிந்தாள். நாக்கு நுனி தானாக வெளியே வந்தது.

தொட்டிலில் இருந்தும் ஒரு நாக்கு நுனி வெளியே வந்தது.

அவள் நாக்கை இழுத்துக்கொண்டாள். அதுவும் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவள், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பவள்போல மெதுவாக, வேண்டுமென்றே நாக்கை நீட்டினாள். பதில் வந்தது. குழந்தை படத்தையும் ஒருமுறை பார்த்தது. படம் நாக்கை நீட்டவில்லை. அதோடு அதை விட்டுவிட்டது.

"என்னைப் பாத்துத்தான் பண்ணுது" என்றாள். "என்னைத்தான்." தூரிகை கீழே விழுந்தது. அழுதாள்.

மேலே ஏறிவந்த அக்கா வாசலிலேயே நின்றார். "என்னம்மா இது, தாயும் பிள்ளையுமா சேர்ந்து எனக்குப் பழிப்பு காட்டுறீங்களா?"

"நீங்க போய்ட்டு வாங்க அண்ணி. எங்களுக்குக் கொஞ்சம் பேச்சு இருக்கு."

அக்கா பையைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, படத்தையாவது குடு. வீட்ல எலித் தொல்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் தெருவில் எவரும் எலியைக் கண்டதில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. டாக்டரிடம் போனாள், மருந்து சாப்பிட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்த நாட்களும் இருந்தன. ஆனால் முகத்தில் வேறு எதுவும் வராத நாளில் நாக்காவது வரும், உடனே பதிலும் வரும். சிரிப்பு வெகுநாள் கழித்து வந்தது. முதலில் சிரித்தது தான்தான் என்று அவள் கடைசிவரை சாதித்தாள். இல்லை, குழந்தைதான்.

என் கண்ணால் பார்த்தது. அப்போது எனக்கு வயது மூன்று மாதம். அந்தத் தொட்டிலில் கிடந்தது நான்தான்.