ஹரிபாபு கணித்த தக்காளி

பெங்களூரில் எம்.பி.ஏ. முடித்து வேலைக்குச் சேர்ந்த ஹரிபாபு, விடுமுறைக்குச் சொந்த ஊர் வெதுருகுப்பம் வந்தபோது, அங்கே நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மனைவி தேன்மொழியிடம் அடித்துச் சொன்னான்: "போன வருசம் தக்காளிய கேக்க ஆளில்லாம ரோட்டுல கொட்டினாங்க இல்ல? அந்த பயத்துல இந்த வருசம் ஒருத்தனும் போட மாட்டான். நாம போடலாம். இதுக்குப் பேரு கேம் தியரி. மனுசன் என்னா பண்ணுவான்னு முன்னாடியே சொல்ற சயின்ஸு!"

அறுவடைக்குத் திரும்பியபோது ஊர் முழுக்கத் தக்காளி சிவந்து கிடந்தது. அவன் நிலத்தில் மட்டும் தேன்மொழி போட்ட வேர்க்கடலை.

"சயின்ஸு பொய்யாப் பூடுச்சே!" என்று ஹரிபாபு தலையில் கை வைத்தான்.

"ஊரு என்னா பண்ணும்னு எனக்குத் தெரியாது மாமா," என்றாள் தேன்மொழி. "நீ பாகாலாவுல ரயிலு ஏறுறதுக்குள்ள இத நாலு டீக்கடையில சொல்லிக்கினே போவேன்னு மட்டும் தெரியும்."