கரைக்காற்று

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்த குடத்தை, செத்துப்போன அப்பாவின் தலைமாட்டில் இறக்கி வைத்த கையோடு மாரிக்கண்ணனைக் காணோம்.

"ஏலே, கொள்ளி வைக்கிறவன் எங்கன போனான்?" என்று பந்தலில் சத்தம் போட்டார் சித்தப்பா முத்துக்கருப்பன். சண்முகத்தாய்க்குத் தெரியும், புருசன் எங்கே என்று.

உள்ளறையில் ஈர வேட்டியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நாற்காலியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நெற்றித் திருநீறு கரைந்து மூக்கில் வழிய, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்த்திருந்தான்.

"மாமாவக் குளிப்பாட்டணும். தேடுறாக."

"புதுக் காத்து வந்திருக்கு பிள்ள. இப்பத் திருப்பலைன்னா அம்புட்டுப் பேரும் முந்திருவாங்க."

சிவகாசியில் பட்டாசு லேபிள் வரைகிறவன். வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்ததிலிருந்து இந்த இன்டர்நெட் படகுப் பந்தயம்தான். படகு பொய், காற்று மட்டும் அன்றன்றைக்குக் கடலில் அடிக்கிற நிஜக் காற்று. கரையோரமாகவே வாரக்கணக்கில் ஓடும். ஜெயிக்கிற வழியைச் சோறு தின்றபடியே அவளுக்குச் சொல்லியிருக்கிறான். மற்றவர்கள் நடுக்கடலுக்கு ஓடுவார்கள். இருட்டினால் கரையிலிருந்து காற்று கிளம்பும், ஒட்டிப் போகிறவனுக்கே அது வாய்க்கும். கொஞ்சம் தப்பினால் கரை தட்டி நின்றுவிடும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் படகு வைத்த திசையில் போய்க்கொண்டேயிருக்கும்.

நேற்று சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. மாமா கேட்டால் தண்ணி கொடுங்க என்று புருசனிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் குடங்களோடு போனாள். பட்டாசாபீசில் மருந்து கலந்தே இற்றுப்போன நெஞ்சு அவருக்கு. வாய் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பி வந்தபோது மாமாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக் கிடந்தது. கீழே டம்ளர், பொட்டு ஈரமில்லாமல்.

"கூப்பிட்டாரு. இந்தா வாரேன்னேன்" என்றான் மாரிக்கண்ணன், அப்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது முத்துக்கருப்பனே உள்ளே வந்துவிட, மாரிக்கண்ணன் எழுந்தான். "மவுசத் தொட்டுராத. கரைய ஒட்டி வச்சிருக்கேன்" என்று அவள் காதில் சொல்லிவிட்டுப் போனான்.

குடத்துத் தண்ணீரை அப்பாவின் தலையில் ஊற்றினான். நல்லா ஊத்துலே என்றார்கள். "பெத்த பிள்ள கையால தண்ணி. குடுத்து வச்ச மனுசன்" என்று மூக்கைச் சிந்தினாள் பக்கத்து வீட்டுப் பாலம்மாள். சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

பாடை தெருமுக்குத் திரும்பியதும் வீடு கழுவ வாளியும் விளக்குமாறுமாக நுழைந்தாள். உள்ளறையில் திரை எரிந்துகொண்டிருந்தது. கரைக்கு ஒரு நூல் தள்ளி, சின்ன முக்கோணமாகப் படகு. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவன் பிடிக்கிற மாதிரியே மவுசைப் பிடித்தாள். முக்கோணத்தின் மூக்கைத் தரைப்பக்கம் திருப்பினாள். பிறகு நாற்காலிக்கடியில் கிடந்த ஈரத்தின் மேல் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள்.

சுடுகாட்டிலிருந்து வந்தவன் நேரே உள்ளறைக்குத்தான் போனான். திரையில் படகு கரை தட்டி நின்றிருந்தது.

"ஏ பிள்ள" என்றான். குரல் வறண்டிருந்தது. "குடிக்கத் தண்ணி கொண்டா."

"இந்தா வாரேன்" என்றாள் சண்முகத்தாய்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.