பீற்றிஸ் ரீச்சர் நடந்த நடை

சனிக்கிழமை ஊர்வலத்தில் நடக்கப் போவதைப் பிறின்ஸ் வீட்டில் ஒளிக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டான். ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் தலைநிமிர்ந்து மட்டக்களப்பு நகருக்குள் நடக்கும் ஊர்வலம் அது. அவனுக்கு முப்பத்தொரு வயது. தானும் அப்படிப்பட்டவன்தான் என்று பெற்றவர்களிடம் சொல்லி நாலு வருசமாகிறது. அதைப்பற்றி அந்த வீட்டில் யாரும் பிறகு வாய் திறக்கவில்லை.

தகப்பன் ஜெயராஜா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். வேதக்கோயில் கமிட்டியில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுப்பவர்.

"நடந்தா, அந்தக் கால் இந்தப் படியில ஏறக் கூடாது," என்றார்.

கத்தியிருந்தால் நாளைக்கு ஆறிவிடும் என்று நம்பலாம். மனுசன் மெதுவாகச் சொன்னார்.

தாய் பீற்றிஸ் முப்பது வருசம் பாலர் பாடசாலை நடத்தியவள். தெருவில் இறங்கினால் ரீச்சர், ரீச்சர் என்று ஊரே கூப்பிடும். அப்படிப்பட்டவளுக்கு வீட்டுக்குள் மட்டும் வாய் வராது. போகாதே என்று மகனிடம் சொல்லவில்லை, விடுங்கள் என்று புருசனிடமும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். சனிக்கிழமை பின்னேரம், நூல் வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகனைக் கையோடு பிடித்துக் கூட்டி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் எண்ணம். கர்த்தர் மன்னிப்பார், ஜெயராஜா மன்னிக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஊர்வலம் என்றால் ஆட்டமும் பாட்டுமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கடைவீதி ஓரமாக நின்று பார்த்தபோது முப்பது பேர்கூட இல்லை. மேளம் கூடாது, கோஷம் கூடாது என்றுதான் அனுமதி கிடைத்திருந்தது. வீதியில் வம்பு வேண்டாமென்று எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தார்கள். வானவில் கொடிகளை வாவிக்கரையில்தான் விரிப்பதாக ஏற்பாடு. அதுவரை சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். சிலர் கையில் பூ. இரண்டிரண்டு பேராகத் தலையைக் குனிந்து சத்தமில்லாமல் வந்தார்கள். பிறின்ஸ் கடைசியில் தனியே வந்தான்.

புடைவைக்கடை நௌஷாட் அவர்களைக் கண்டான். பிரேதம் போனால் கடைக்கதவைப் பாதி இறக்குவது அந்த வீதியின் வழக்கம். செத்தவர் தமிழரா முஸ்லிமா என்று யாரும் கேட்பதில்லை. நௌஷாட் இறக்கினான். அடுத்த கடையும் இறங்கியது, அதற்கடுத்ததும். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி ஓரமாக நின்றார்.

நௌஷாட்டின் மகள் பீற்றிஸிடம் படித்தவள். அவன் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "ஆரு ரீச்சர் மௌத்து? பெட்டியக் காணல்லியே," என்று கேட்டான்.

வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும். வாவிக்கரை வரைக்கும் அந்தப் பிள்ளைகள் மரியாதையோடு போயிருப்பார்கள், அவளும் தப்பியிருப்பாள். அந்த நேரம் பார்த்து பிறின்ஸ் அவளைக் கண்டான். கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் திருப்பினான். உயிரோடு நடந்து வரும் பிள்ளைக்கு ஊர் கதவை இறக்குகிறது, பெற்றவள் குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள்.

"மௌத்தில்ல தம்பி," என்றாள். "உயிரோட இரிக்கிற புள்ளயள். கடைசியா வாறது என்ட மகன்."

நௌஷாட் கக்கத்துக் கொடியொன்றின் நுனியைப் பார்த்தான். விளங்கிவிட்டது. திரும்பிப் போனான். கதவை ஏற்றவுமில்லை, முழுதாக இறக்கவுமில்லை. அதில் கையை வைத்தபடி நின்றான்.

பீற்றிஸ் வீதியில் இறங்கி மகனின் கையைப் பிடித்தாள். திருப்பிக் கூட்டிப்போக வந்தவள் அவனோடு சேர்ந்து நடந்தாள். வாவிக்கரையில் கொடிகள் விரிந்தபோது தோணியிலிருந்து யாரோ தூஷணத்தால் ஏசினார்கள். முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை அழுதாள். பீற்றிஸ் பிடித்த கையை விடவில்லை.

கதை அவர்களுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. படலைக்கு வெளியே பிறின்ஸின் பயணப்பை கிடந்தது. ஜெயராஜா படியில் நின்றார். பிறின்ஸ் போய் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான். பீற்றிஸ் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, கட்டுகிறவன்தான் குடிவருவான். முப்பத்து மூன்று வருசத்துக்கு முன்னர், கலியாணம் முடிந்த கையோடு, செட்டிபாளையத்திலிருந்து ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தவர் ஜெயராஜா. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டுவது அற்பத்தனம் என்று நினைத்திருந்தாள். இன்றைக்குச் சொன்னால் மனுசன் நொறுங்கிப் போவார் என்பதும் தெரியும். சொன்னாள்.

"இது என்ட வீடு. என்ட அம்மா எனக்கு எழுதித் தந்தது. நீங்களும் வெளியில இரிந்து வந்த ஆள்தான். என்ட மகன் உள்ள போகணும். கொஞ்சம் வழி விடுங்க."

ஜெயராஜா சுவரைப் பிடித்து ஒரு படி கீழே இறங்கினார். இன்னொரு படியும் இறங்கி ஒதுங்கி நின்றார். பீற்றிஸுக்கு அழுகை வந்தது, மகனுக்காகவும், அவருக்காகவும். அழுதுகொண்டே பையைத் தூக்கிக்கொண்டு முதலில் அவள் ஏறினாள்.