தண்ணி வரட்டும்

தங்கமாரிக்குக் காலையிலிருந்து மண்டையிடி. முகம் வீங்கிக் கிடந்தது. கண்ணும் மங்கிவிட்டது. வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. ஆம்புலன்ஸ் வந்து காலனி முகப்பில் நின்றது. ஆனாலும் அவள் கிளம்பவில்லை. தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தாள்.

பரளச்சி ரோட்டை விட்டுக் கருவேலங்காட்டுக்குள் ஒதுங்கிய காட்டுநாயக்கர் காலனி அது. பன்றி வளர்ப்புதான் பிழைப்பு. அங்கே ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முதலில் குளிக்க வேண்டும். தலைக்குச் சோப்பு, முகத்துக்கு மஞ்சள், பெட்டியில் மடித்துவைத்த சேலை. அப்புறம்தான் ரோட்டில் கால் வைப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு 'ஓரமா உக்காரு' என்று சொன்னவர்கள் கற்றுக்கொடுத்த பழக்கம்.

அவளுடைய அண்ணன் மாரிச்செல்வம் சுவரோடு நின்றான். பி.காம். படித்தவன். போன மாசியில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். அன்றிலிருந்து கேட்டால்தான் பேசுவான்.

நர்ஸ் சௌந்தரம் மறுபடியும் தங்கமாரியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். மல்லாங்கிணற்றுப் பலசரக்குக் கடை வீட்டுப் பெண். மாதம் தவறாமல் இந்தக் காலனிக்கு வருகிறவள். கருவி காட்டியதைப் பார்த்து முகம் மாறினாள்.

"ஏத்தா, இப்பவே ஏறணும். எந்நேரமும் வலிப்பு வரும். வந்தா புள்ளையும் தங்காது, நீயும் தங்கமாட்ட."

"குளிச்சிட்டு வாரேன் நர்ஸம்மா. லாரி வந்துரும்."

"முந்தாநாள்லருந்து வராத லாரி இப்ப வந்துருமாக்கும்?"

"நாத்தத்தோட எப்பிடி வர? பெட்டுல ஏத்தவா போறாக? வெளிய உக்கார வச்சிருவாக."

தாய் ஆவுடைத்தாய் வாசலை மறித்து நின்றாள். "எம் மருமகளக் குளிப்பாட்டித்தான் அனுப்புனோம். அப்பவே பொழைக்க வைக்கல. இவள இந்தக் கோலத்துல அனுப்பவா?"

"பன்னிகூட வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டுருச்சு. நீ விடமாட்டேங்கிறியே ஆத்தா" என்றாள் சௌந்தரம். மற்ற நாளென்றால் ஆவுடைத்தாய் திருப்பி ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

"நானும் கூட வாரேன். எவன் மூக்கப் பொத்துறான்னு பாப்போம்."

"உங்களுக்கு நாற்காலி போடுவாக. எங்களுக்கு?"

தங்கமாரி நர்ஸின் சேலையிலேயே வாந்தி எடுத்தாள். துடைத்துவிடக்கூடக் குடத்தில் தண்ணீர் இல்லை.

மாரிச்செல்வத்துக்குப் பெண்டாட்டி தீபலட்சுமியின் கூந்தல் கண்ணில் நின்றது. அன்று தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. உதிரம் போய்க்கொண்டிருந்தவளை உட்காரவைத்து வெந்நீர் ஊற்றினார்கள். அவளேதான் கேட்டாள். தலை துவட்டி, சேலை கட்டி, வண்டியேற்றினார்கள். டவுன் வருமுன் அவன் மடியில் சாய்ந்துவிட்டாள்.

"ஆத்தா" என்றான். "உசுரு போயிருச்சுன்னு டாக்டரு சொல்லயில அவ தலையில ஈரம் காயல. தண்ணி ஊத்துன நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேந்துருக்கலாம்."

இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஆவுடைத்தாய் அவனையே பார்த்தாள். பிறகு வாசல் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

அவன் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

வண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் வலிப்பு வந்துவிட்டது. சௌந்தரம் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே பிரசவ வார்டுக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி முகத்தைச் சுளித்தான்.

"என்னய்யா இது, நாத்தம் குடலப் புடுங்குது? ஓரமா எறக்குங்க. சீட்டு வாங்கிட்டு வாங்க."

"என் பேசண்டு. வலிப்பு வந்துருக்கு. கதவத் தெறங்க" என்றாள் சௌந்தரம். ஸ்ட்ரெச்சரை அவளே தள்ளினாள். உள்கதவு சாத்திக்கொண்டது.

மாரிச்செல்வம் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறிடம் போனார். அவன் கதவைப் பார்த்தபடி இருந்தான். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அன்றும் இப்படித்தான் இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு சௌந்தரம் வந்தாள். சேலையில் வாந்திக் கறை அப்படியே இருந்தது.

"ஆபரேசன் முடிஞ்சிருச்சு. பொட்டப்புள்ள. எடை காணாது, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காக." கொஞ்சம் நிறுத்தினாள். "இவ இன்னும் கண்ணு முழிக்கல தம்பி."

"முழிப்பாளா?"

"தெரியல."

தங்கமாரியை வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போர்வை எட்டாமல் கால்கள் வெளியே தெரிந்தன. பாதத்தில் காலனிப் புழுதி. யாரும் துடைக்கவில்லை. பெருவிரல் அசைந்தது போலிருந்தது.

இன்னொரு தரம் அசையுமா என்று அந்த விரலையே பார்த்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரின் பின்னால் நடந்தான்.